ஏடுகளில் உறங்கும் நம் முன்னோர்

பிழைப்பைத் தேடிப் போனவன் ஊரை மறக்கலாம். ஆனால் அவன் பேரனோ பேத்தியோ ஒருநாள் அந்த ஊரைத் தேடியே தீருவர். கோட்டாறு சவேரியார் பேராலயத்திற்கும் நம் கடற்கரைப் பங்குகளுக்கும் வெளிநாடுகளிலிருந்து வருவோருள் சிலரது உள்ளத்தில் செபத்தோடு ஒரு கேள்வியும் இருக்கக் காண்கிறோம். பாட்டனாரின் பெயர், பாதி நினைவிலுள்ள ஓர் ஊர்ப்பெயர், "கோட்டாற்றுப் பக்கம்" என்று வீட்டில் வழங்கி வந்த ஒரு சொல் ஆகியவையே அவர்கள் கைமுதல். அவர்களுக்கு நாம் என்ன விடை சொல்லப் போகிறோம்?

நாஞ்சில் நாடு வளமான பூமி என்பது உண்மையே. எனினும் அந்த வளம் எல்லோருக்கும் எட்டியதில்லை. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-ஆம் ஆண்டில்தான். விடுதலை கிடைத்தது, ஆனால் உழுவதற்கு ஒரு முழம் நிலம் கிடைக்கவில்லை. 1860-ஆம் ஆண்டளவில் தென்திருவிதாங்கூரைப் பஞ்சம் வாட்டியது. பேச்சிப்பாறை அணை 1906-இல் கட்டி முடிக்கப்படும் வரை, மழை பொய்த்தால் ஏழை வீட்டில் அடுப்பு எரிவது அரிது. அதே காலத்தில் இலங்கை மலைகளில் காப்பித் தோட்டங்கள் ஆட்களை அழைத்தன. காப்பி நோயுற்று வீழ்ந்தபின் தேயிலைத் தோட்டங்கள் அழைத்தன. கங்காணியின் முன்பணத்தை வாங்கிக்கொண்டு கடல் கடந்தவர் பலர். அவ்வாறு சென்றவர்களுள் திருமுழுக்குப் பெற்றவர்களும் இருந்தனர்.

எந்த நாட்டிற்குச் சென்றனர் என்பதைப் பொறுத்தே அவர்களைப் பற்றிய பதிவும் அமைந்தது. மொரீசியசுத் தீவிற்கு 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக ஏறத்தாழ 4,50,000 இந்தியர் சென்றனர். அவர்களுடைய பெயர், தந்தை பெயர், ஊர், மாவட்டம் ஆகியவற்றைக் குறித்த ஏடுகள் அங்குள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குச் சென்ற 1,52,184 பேருக்கும் கப்பல் பட்டியல்கள் உண்டு. இலங்கைக்குக் கங்காணிகளோடு போனவர்களின் நிலை வேறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்தின் எண் பொறித்த தகரத் துண்டு ஒன்று அவர்கள் கையில் கொடுக்கப்பட்டது. எந்தத் தோட்டத்திற்குப் போகிறவன் என்பதை அத்தகரம் சொல்லிற்று. எந்த ஊரிலிருந்து வந்தவன், யார் மகன் என்பதைச் சொல்லவில்லை.

இந்த இழப்பின் கொடுமை பின்னாளில்தான் வெளிப்பட்டது. 1948-ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ, அல்லது பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிலேயே பிறந்தவர் என்று மெய்ப்பிக்கும்படி கேட்டது. எழுத்தறியாத தோட்டத் தொழிலாளி எந்தச் சான்றைக் காட்டுவான்? இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. தாயகம் திரும்பியோருள் சிலர் நம் மாவட்டத்து மலையடிவார அரசு ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். பாட்டன் பிறந்த நாட்டிற்கு வந்த பேரப்பிள்ளைகளை, 'சிலோன்காரர்' என்று அயலாராகவே பார்த்தவர்களும் நம்மிடையே உண்டு.

நாடிழந்து திரும்பியோரின் இத்துயரம் மறைநூலுக்குப் புதிதன்று. பாபிலோனிய அடிமைத்தனத்திலிருந்து மீண்டவர்களுள், தங்கள் குலவழியை நிலைநாட்ட இயலாதவர்கள் இருந்ததாக எஸ்ராவின் நூல் கூறுகிறது. தலைமுறைப் பட்டியலைத் தேடியும் காணாத சில குருக்குலத்தார் பணியினின்று விலக்கப்பட்டனர். ஏடு தொலைந்தால் உரிமையும் தொலையும் என்பது அன்றே கண்ட உண்மை.

தொலைவிலுள்ள அயர்லாந்து நாடு நமக்கு ஒரு பாடத்தைக் கற்பிக்கிறது. 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியதால் எழுந்த பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மாண்டனர். அதற்கும் மேற்பட்டோர் அமெரிக்கா முதலிய நாடுகளுக்குக் கப்பலேறினர். 1922-ஆம் ஆண்டு உள்நாட்டுப் போரில் டப்ளின் நகர ஆவணக் காப்பகம் எரிந்தபோது, 1821 முதல் 1851 வரை எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கேடுகள் பெரும்பாலும் சாம்பலாயின. ஆயினும் கத்தோலிக்கப் பங்குகளின் திருமுழுக்கு, திருமண ஏடுகள் தப்பின. காரணம், அவை தலைநகருக்கு அனுப்பப்படாமல் அந்தந்தப் பங்கிலேயே இருந்தன. அந்நாட்டுத் தேசிய நூலகம் அவற்றின் படங்களை 2015 சூலை மாதம் இணையத்தில் கட்டணமின்றி வெளியிட்டது. ஐந்தாம் தலைமுறைப் பேரன் பாஸ்டன் நகரில் இருந்தவாறே தன் முப்பாட்டியின் பெயரைக் கண்டு கண்கலங்க இன்று வழியுண்டு. எளிய பங்குக் குருக்கள் மைதொட்டு எழுதிய வரிகள் ஓர் இனத்தின் நினைவையே காத்தன.

அத்தகைய ஏடுகள் நம்மிடமும் உண்டு. திருமண ஏட்டைப் பேணுமாறு திரிதெந்து பொதுச்சங்கம் 1563-இல் பணித்தது. இன்று நடைமுறையிலுள்ள 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 535-ஆம் எண், திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஏடுகள் ஒவ்வொரு பங்கிலும் இருக்க வேண்டுமென்றும், பழைய ஏடுகளைக் கருத்துடன் பாதுகாக்க வேண்டுமென்றும் விதிக்கிறது. இதில் பலர் அறியாத ஒரு நன்மை உண்டு. ஒருவர் எங்கே மணம் புரிந்தாலும் அச்செய்தி அவர் திருமுழுக்குப் பெற்ற பங்கிற்கு அறிவிக்கப்பட்டு, அங்குள்ள ஏட்டில் குறிக்கப்பட வேண்டும். 1908 முதல் இவ்விதி நடப்பிலுள்ளது. ஆகவே கண்டியிலோ பதுளையிலோ நடந்த திருமணத்தின் குறிப்பு, நம் ஊர் ஏட்டின் ஓரத்தில் இருக்கக் கூடும்.

தேடுவோர் சிலவற்றை நினைவிற்கொள்ள வேண்டும். முதலாவது, பெயர் ஒன்றாயினும் வடிவம் பல: இலத்தீனில் பெத்ருஸ் என்றிருப்பவரே வீட்டில் இராயப்பன், பவுலுஸ் என்பவர் சின்னப்பன், ஸ்தேபானுஸ் என்பவர் முடியப்பன், யோசேப்பு என்பவர் சூசை. இரண்டாவது, திருவிதாங்கூர்க் கால ஆவணங்கள் மலையாளத்திலும் கொல்லம் ஆண்டிலும் இருக்கும். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறப்பதால், அதனோடு 824 அல்லது 825-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிட்டும்; கொல்லம் 1035 என்பது 1859–60 ஆகும். மூன்றாவது, இன்று தனிப் பங்காயிருப்பது அன்று கிளைப்பங்காய் இருந்திருக்கலாம். கோட்டாறு மறைமாவட்டம் 1930-இல் கொல்லத்தினின்று பிரிந்தது. குழித்துறை 2014-இல் கோட்டாற்றினின்று பிரிந்தது. எனவே தாய்ப் பங்கு எதுவெனக் கேட்டறிதல் முதற்படி. நான்காவது, வீட்டுப் பெயரும் 'விளை' என முடியும் நிலப் பெயரும் பத்திரங்களில் நிலைத்து நிற்பவை. அவை ஆளைக் காட்டும் அடையாளங்கள்.

தேடலின் முடிவில் கிடைப்பது அரண்மனையாக இராது. கடன், பசி, சாதிக் கொடுமை என்பவையே முன்னோரைத் துரத்தின என்று தெரியவரலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மத்தேயு நற்செய்தியாளர் தரும் நம் ஆண்டவரின் தலைமுறைப் பட்டியலில் அயல்நாட்டு ஏழை விதவையான ரூத்தும், எரிகோவின் இராகாபும் இடம்பெற்றுள்ளனர். முன்னோரைத் தேடுவது சாதிப் பெருமையை மெருகேற்றுவதற்காயின், அத்தேடல் வீணே.

நாம் செய்யத்தக்கவை எளியவை. மூத்தோர் உயிரோடிருக்கும்போதே அவர்தம் பெற்றோர், பாட்டனார் பெயர்களையும், பிறந்த ஊரையும், கடல் கடந்த உறவினரையும் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைப்போம். மரப்பெட்டியிலுள்ள பழைய கடிதங்களையும் கடவுச்சீட்டுகளையும் பழைய தாளோடு எடைக்குப் போடாதிருப்போம். பங்கு ஏடுகளைக் கறையானும் ஈரமும் அணுகாதவாறு காக்கவும், முறையான அனுமதியோடு படமெடுத்து வைக்கவும் பங்குப் பேரவைகள் முன்வரட்டும். வாழ்வோரின் குடும்பச் செய்திகள் கண்டவர் கைக்குப் போகாதபடி காப்பதும் நம் கடமையே.

அயலகத் தமிழ் இளைஞரைத் தாயகத்திற்கு அழைத்து வரத் தமிழக அரசு 2023-இல் 'வேர்களைத் தேடி' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. மொரீசியசு நாட்டவர்க்கு ஏழாம் தலைமுறை வரை வெளிநாட்டு வாழ் இந்தியக் குடிமக்கள் அட்டை பெற வழி செய்வதாக இந்திய அரசு 2024 மார்ச்சில் அறிவித்தது. இனி நம் ஊர்களுக்கும் தேடி வருவோர் மிகுவர். தமிழ் பேசத் தெரியாத பேரன் நம் வாசலில் நின்று ஒரு பெயரைத் தட்டுத் தடுமாறிச் சொல்லும்போது, அவன் கேட்பது சொத்தில் பங்கன்று. "ஆம், இவர் எங்கள் ஊரார்" என்ற ஒரு சொல். அச்சொல்லைச் சொல்ல நம் ஏடுகளும் இருக்க வேண்டும். நம் உள்ளமும் திறந்திருக்க வேண்டும்.