எடைக்குப் போகும் குரல்கள்

பழைய வானொலிப் பெட்டிகளுக்கு மேல்நாடுகளில் கூட்டமும் ஏலமும் நடக்கின்றன. வால்வு செய்த பெங்களூரிலும், கேட்டுக் களித்த தமிழகத்திலும் அவை சத்தமில்லாமல் மறைகின்றன.

பெங்களூரின் தெற்குக் கோடியில், ஓசூர் சாலையோரம் விரிந்து கிடக்கிறது எலெக்ட்ரானிக் சிட்டி. கர்நாடக அரசு நிறுவனமான கியோனிக்ஸ், 1970-களின் பிற்பகுதியில் கோணப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் கிராமங்களில் 332 ஏக்கரில் உருவாக்கத் தொடங்கிய பேட்டை இது. இங்கே மூன்று வருடப் பழசான கம்ப்யூட்டருக்கே மரியாதை கிடையாது. ஆனால் 1960-களில் 'எலெக்ட்ரானிக்' சாதனம் என்று இந்தியக் குடும்பங்கள் அறிந்தது ஒன்றே ஒன்றுதான்: கூடத்து அலமாரியில், பூவேலை செய்த துணி போர்த்தி வைத்திருந்த வானொலிப் பெட்டி.

அந்தப் பெட்டிக்கு உயிர் கொடுத்ததில் பெங்களூருக்கும் பங்கு உண்டு. நகரின் மறுகோடியான ஜாலஹள்ளியில் 1954-இல் அமைந்த பாரத் எலெக்ட்ரானிக்ஸ், 1961-இல் ஹாலந்தின் பிலிப்ஸ் நிறுவனத்துடன் கைகோத்து வானொலி வால்வுகளைத் தயாரிக்கத் தொடங்கியது. மறு வருடமே அங்கு ஜெர்மானியம் குறைகடத்திகளும் உற்பத்தியாயின. வால்வும் அதற்கு உலை வைத்த டிரான்சிஸ்டரும் ஒரே நிறுவனத்தில் அடுத்தடுத்துப் பிறந்தன. இன்று பிரிக்காத அட்டைப் பெட்டியோடு ஒரு வால்வு கிடைத்தால் சேகரிப்பாளருக்கு அது புதையல்.

புதையல் வேட்டையை முறைப்படுத்தியவர்கள் மேல்நாட்டினர். அமெரிக்காவின் ஆன்டீக் வயர்லெஸ் அசோசியேஷன் 1952-இலும், பிரிட்டிஷ் வின்டேஜ் வயர்லெஸ் சொசைட்டி 1976-இலும் தொடங்கப்பட்டன. இவற்றின் கூட்டங்கள் பாதி சந்தை, பாதி வகுப்பறை. பெட்டிகளின் பின்பலகையைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். வால்வுகளையும் கைப்பிரதிகளையும் மாற்றிக்கொள்வார்கள். பிறகு ஏலம். பொருள் உள்ளது உள்ளபடி விற்கப்படும். பாடுமா என்பது வாங்குபவர் பாடு.

ஏலத்தில் விலையை நிர்ணயிப்பது பளபளப்பு அன்று. டயல் கண்ணாடி உடையாமல் இருக்கிறதா, குமிழ்கள் அசலா, பின்பலகை இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. புது வார்னிஷ் பூசிய பெட்டியைவிட, கீறலோடு இருக்கும் அசல் பெட்டிக்கு மதிப்பு அதிகம். நிலையம் சரியாகச் சிக்கியதும் குவிந்து ஒளிரும் 'பச்சைக் கண்' வால்வு வருடங்கள் ஓட ஓட மங்கிவிடும். பிரகாசமான கண்ணுக்குத் தனிக் கிராக்கி. வடிவத்துக்காகவே போற்றப்படுபவையும் உண்டு. 1934-இல் கட்டடக் கலைஞர் வெல்ஸ் கோட்ஸ் வடிவமைத்த வட்டமான எக்கோ ஏடி65 பெட்டி, பேக்கலைட் கலையின் சின்னமாகவே கருதப்படுகிறது.

இந்தியாவில் நிலைமை வேறு. மர்ஃபி, பிலிப்ஸ், புஷ், ஜி.இ.சி., நேஷனல் எக்கோ என்று ஒரு காலத்தில் வீட்டின் அந்தஸ்தைப் பறைசாற்றிய பெட்டிகளில் பல, தாத்தாவின் மறைவுக்குப் பின் பழைய பேப்பரோடு எடைக்குப் போகின்றன. தப்பியவற்றில் சில ஓட்டல் வரவேற்பறையை அலங்கரிக்கின்றன. இன்னும் சிலவற்றின் குடலை உருவி, புளூடூத் ஒலிபெருக்கியைத் திணித்து 'பழங்கால அழகு' என்று விற்கிறார்கள். உருவிய பாகங்கள் குப்பைக்கு. அவற்றில் ஒன்று, வேறெங்கோ ஊமையாக நிற்கும் பெட்டியைப் பேச வைத்திருக்கக்கூடும்.

பாகங்களைவிட வேகமாக மறைவது கைவித்தை. பரணிலிருந்து இறக்கிய பெட்டியை ஆசையோடு மின்சாரத்தில் செருகுவதுதான் பலர் செய்யும் முதல் தவறு. பல்லாண்டு சும்மா கிடந்த கண்டென்சர்கள் காய்ந்தோ கசிந்தோ போயிருக்கும். வயரின் ரப்பர் உறை பொடியாகியிருக்கும். மின்மாற்றி இல்லாத சில ரகங்களில் உள்ளிருக்கும் உலோகச் சட்டமே மின்கம்பியோடு நேரடியாக இணைந்திருப்பதால் ஷாக் அடிக்கும். விவரம் தெரிந்த மெக்கானிக் முதலில் எல்லாவற்றையும் சோதிப்பார்; பிறகும், தொடரில் ஒரு பல்பை இணைத்தே பெட்டிக்கு மின்சாரம் கொடுப்பார். பல்பு முழுப் பிரகாசத்துடன் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே கோளாறு என்று பொருள். பழைய கண்டென்சரின் கூட்டைக் குடைந்து புதியதை உள்ளே மறைத்து வைப்பவர்களும் உண்டு. தோற்றம் அன்று போலவே இருக்கும். இதைக் கற்றவர்கள் முதுமையில் இருக்கிறார்கள். கேட்டுக் கற்க இளைஞர்கள் அவர்களைச் சந்திக்கும் இடம் வேண்டும்.

பெட்டி பிழைத்தாலும் அது எதைப் பாடும்? மைசூரில் மகாராஜா கல்லூரி உளவியல் பேராசிரியர் எம்.வி. கோபாலஸ்வாமி 1935-இல் தன் வீட்டிலிருந்தே ஒலிபரப்பி, அதற்கு 'ஆகாசவாணி' என்று பெயர் வைத்தார். 1938-இல் சென்னை நிலையமும், 1939-இல் திருச்சி நிலையமும் பேசத் தொடங்கின. திரைப் பாட்டுக்குத் தமிழர்கள் இலங்கை வானொலியை நாடினார்கள். இந்த அலைகளுக்காகச் செய்யப்பட்ட வால்வுப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் பண்பலை கிடையாது. 1941-இல் தொடங்கிய பிபிசி தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரலில் நின்றது. அகில இந்திய வானொலியும் பல மத்திய அலை, சிற்றலை ஒலிபரப்பிகளை மூடிவிட்டது. மேல்நாட்டுச் சேகரிப்பாளர்கள் சிலர், வீட்டுக்குள் மட்டும் எட்டும் குட்டி ஒலிபரப்பியை வைத்துத் தங்கள் பெட்டிக்குப் பழைய பாட்டைத் தாங்களே அனுப்பிக் கேட்கிறார்கள்.

ஒரு காலத்தில் வானொலி வைத்திருக்க லைசென்ஸ் தேவை. வருடாவருடம் அஞ்சலகத்தில் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும்; யார் வீட்டில் பெட்டி இருக்கிறது என்ற கணக்கு அங்கே இருந்தது. 1980-களின் மத்தியில் லைசென்ஸ் ஒழிந்தது, மக்கள் நிம்மதியடைந்தார்கள். கூடவே கணக்கும் ஒழிந்தது. ஏலக் கூட்டம் ஒன்று கூடினால் முதல் லாபம் பணமாக இருக்க வேண்டியதில்லை. என்ன பெட்டி, எந்த வருடம், யார் வீட்டில் பாடியது, யார் பழுது பார்த்தார் என்று வரிசை எண்ணோடு எழுதிவைக்கும் பட்டியலே போதும். அந்த லைசென்ஸ் புத்தகம் இன்னும் பரணில் இருந்தால், பெட்டியோடு சேர்த்தே வைத்திருப்பது நல்லது. எடைக்குப் போட்டால் அதற்குக் கால் ரூபாயும் தேறாது.