150 கிராம் எடை.. நிற்காமல் 3,000 கி.மீ கடல் பயணம்! யார் இந்த அமுர் வல்லூறு?

உலகில் சுமார் 40 வகை வல்லூறுகள் இருக்கு. அண்டார்டிகா தவிர எல்லா கண்டத்திலும் பார்க்கலாம். ஜிர் வல்லூறு ஆர்க்டிக் பனியில் வாழும். மொரீஷியஸ் வல்லூறுக்கு அந்த ஒரு தீவு மட்டும்தான் வீடு. ஆனா அமுர் வல்லூறுக்கு ஒரு ஊர் போதாது!

புறா அளவுதான் இருக்கும். சைபீரியா, வடக்கு சீனாவில் குஞ்சு பொரிக்கும். குளிர் தொடங்கியதும் தெற்கு ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பிடும். வழியில் அரபிக்கடல். இறங்கி ஓய்வெடுக்க இடமே கிடையாது. அதே காலத்தில் கடலைக் கடக்கும் தும்பிகளைப் பிடித்துத் தின்றபடியே பறப்பதாக ஆய்வாளர்கள் கருதுறாங்க.

அதற்கு முன் உடம்பில் கொழுப்பு சேரணுமே? அதுக்குத்தான் அக்டோபர், நவம்பரில் நாகாலாந்தின் டோயாங் நீர்த்தேக்கம் பக்கம் லட்சக்கணக்கில் இறங்கி, ஈசல்களைத் தின்று தீர்க்கும்.

2012இல் அங்கேதான் அந்தக் கொடுமை நடந்தது. மீன்பிடி வலைகளை மரங்களுக்கு நடுவே கட்டி, ஒரே சீசனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வல்லூறுகளைப் பிடித்து இறைச்சிக்கு விற்றதாக மதிப்பிடப்பட்டது. வீடியோ வெளியாகி உலகமே அதிர்ந்தது.

அடுத்த வருஷமே நிலைமை தலைகீழ். வலை கட்டிய பாங்டி கிராமமே வேட்டைக்குத் தடை போட்டு, மீறினால் அபராதம் என்றது. அந்த நவம்பரில் சாட்டிலைட் கருவி பொருத்திய 3 வல்லூறுகளில் ஒன்றின் பெயர் 'பாங்டி'. அதுவும் கடல் தாண்டி ஆப்பிரிக்கா போய்ச் சேர்ந்தது.