நாள் பார்க்காதீர்கள், மரத்தைப் பாருங்கள்

சிங்கப்பூரின் செங்காங்கில் புளோக்கை ஒட்டிய நடைபாதையில் மாமரம் நின்றால், அது துளிர்விடும் நாள்களில் அடியில் கொஞ்சம் குனிந்து பாருங்கள். பழுக்காத, வாடாத இளம் இலைகள் சிதறிக் கிடக்கலாம். ஒவ்வொன்றின் அடிப்பக்கமும் கத்தரிக்கோலால் நறுக்கியதுபோல் நேராக வெட்டுப்பட்டிருக்கும். அண்ணாந்து பார்த்தால், கிளையில் காம்பும் அதை ஒட்டிய துண்டு இலையும் மட்டும் மிச்சம். விளையாட்டுப் பிள்ளைகளின் வேலை என்று தோன்றும். உண்மையில் இது இலை வெட்டும் கூன்வண்டின் வேலை.

அரை சென்டிமீட்டர் அளவே உள்ள இந்த வண்டில் பெண்தான் வெட்டுகிறது. முதலில் இளம் இலைக்குள் முட்டைகளைச் செருகும். பிறகு காம்புக்குச் சற்று மேலே, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை கடித்துக்கொண்டே போகும். இலை முட்டைகளோடு தரையில் விழும். பொரித்து வரும் புழு அந்த இலையைத் தின்று வளர்ந்து, மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். அங்கிருந்து வெளிவரும் வண்டு அடுத்த துளிருக்குக் காத்திருக்கும்.

இதற்கு மருந்தே வேண்டாம். விழுந்த இளம் இலைகளை இரண்டு நாளுக்கு ஒருமுறை பொறுக்கி, பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டால் போதும். உரக்குழியில் போட்டால் புழு அங்கேயே வளர்ந்துவிடும். இயற்கை முறைப் பராமரிப்பின் சாரமே இதுதான்: பூச்சியின் வாழ்க்கைச் சுற்றில் அது எந்தக் கட்டத்தில் நம் கைக்கு எட்டுகிறதோ, அங்கே பிடிக்க வேண்டும்.

அந்தக் கட்டம் எப்போது வரும் என்பதில்தான் சிங்கப்பூரில் ஒரு சிக்கல். கிருஷ்ணகிரி விவசாயிக்கு மாதக் கணக்கு உண்டு. மார்கழி, தையில் பூ. சித்திரை தொடங்கி ஆனி, ஆடி வரை அறுவடை. தெளிப்பு அட்டவணையும் அதையொட்டியே ஓடும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் இந்தத் தீவில் அப்படியில்லை. இங்கே ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை, சுமார் 170 மழை நாள்கள். மாமரம் பூக்க, குளிரோ வறட்சியோ அதைச் சற்று வாட்ட வேண்டும். குளிருக்கு இங்கே வழியில்லை. கிடைப்பது சின்னச் சின்ன வறட்சிகள்தாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வெயில் காயும் பிப்ரவரி, மார்ச்சு வாக்கில் பல மரங்கள் பூக்கின்றன. ஆண்டின் நடுவிலும் ஒரு சுற்று வரலாம். சொக்கனான் போன்ற ரகங்கள் பருவம் தப்பியும் பூக்கும். ஒரே மரத்தில் ஒரு கிளை துளிரோடும், இன்னொன்று பூவோடும், மற்றொன்று காயோடும் நிற்பது இங்கே சாதாரணம். ஊரிலிருந்து கொண்டுவந்த அட்டவணை இங்கே செல்லாது. துளிர், பூ, காய் என்று மரம் காட்டும் நிலைதான் இங்கே பருவம்.

துளிர் செம்பு நிறத்தில் தொங்கும்போது கூன்வண்டைக் கவனிக்க வேண்டும். துளிர் முற்றிப் பச்சையானதும் அதன் தொல்லை குறையும்.

பூங்கொத்து தலைகாட்டும்போது தத்துப்பூச்சி வரும். கிளையை அசைத்தால் இலைகளில் படபடவென்று மோதிப் பறப்பவை இவைதாம். பூங்காம்பில் சாறு உறிஞ்சி, தேன்போன்ற பிசுக்கைக் கழிக்கும். அந்தப் பிசுக்கின்மேல் கரும்பூசணம் படர்ந்து இலை கரி பூசியதுபோல் ஆகிவிடும். பூ விரிவதற்கு முன்பே வேப்ப எண்ணெய் தெளிக்க வேண்டும்: 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி எண்ணெய், அது நீரில் கலக்கச் சில சொட்டு திரவ சோப்பு. எண்ணெய் சிராங்கூன் சாலைக் கடைகளிலேயே கிடைக்கும். வாசனை சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள். வேம்பின் வீரியப் பொருளான அசாடிராக்டின் வெயிலில் சிதைந்துவிடும் என்பதால் மாலையில் தெளிப்பது நல்லது. பூ விரிந்தபின் எதையும் தெளிக்காதீர்கள். மாம்பூவில் மகரந்தம் சேர்ப்பவை பெரும்பாலும் ஈக்களும் சிறு தேனீக்களும். அவற்றை விரட்டினால் காயும் இல்லை. ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கில் பூ இருந்தாலும் காயாக நிற்பவை மிகச் சிலவே. ஆகவே பூ உதிர்வதைக் கண்டு பதற வேண்டாம்.

பூங்கொத்தில் வெள்ளை மாவு படிந்தால் அது சாம்பல் நோய். பூ விரியாத நிலையில் நனையும் கந்தகத்தூளை லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் கலந்து தெளித்தால் போதும். ஆனால் எண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகத்தைத் தொடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் இலை கருகும்.

மழை மிகுந்த இந்த ஊரில் மாமரத்துக்குப் பெரிய எதிரி ஆந்த்ரக்னோஸ் என்னும் கரும்புள்ளி நோய். இந்தப் பூசணம் பட்டுப்போன குச்சிகளிலும் காய்ந்த பூங்கொத்துகளிலும் தங்கியிருந்து, மழைத்துளி தெறிக்கும்போது பூவுக்கும் பிஞ்சுக்கும் தாவும். பச்சைக் காயின் தோலுக்குள் நுழைந்து ஓசையில்லாமல் கிடக்கும். காய் பழுக்கத் தொடங்கியதும் கரும்புள்ளியாக வெளிப்படும். பறித்தபோது குறையில்லாத மாங்காய் நான்கே நாளில் அழுகுவது இதனால்தான். அறுவடை முடிந்ததும் காய்ந்த குச்சிகளை வெட்டி, நடுக்கிளைகளைக் கவாத்துச் செய்து, காற்றும் வெயிலும் உள்ளே போக வழிவிடுங்கள். பறித்த காயை 52 முதல் 55 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 5 நிமிடம் அமிழ்த்தி எடுப்பதும் அழுகலைக் குறைக்கும்.

காய் பருக்கும்போது வருவது பழ ஈ. முற்றிய காயின் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடும். காய் எலுமிச்சை அளவானதும் காகிதப் பையால் மூடிக் கட்டுவதே உறுதியான காப்பு. ஆண் ஈக்களைப் பிடிக்க மெத்தில் யூஜினால் பொறி வைக்கலாம். பீகாரின் பூசாவில் பணியாற்றிய பூச்சியியலாளர் ஹௌலெட், பழ ஈக்கள் சிட்ரோனெல்லா எண்ணெயைத் தேடி வருவதை 1912-இல் பதிவுசெய்தார். ஈர்க்கும் பொருள் மெத்தில் யூஜினால் என்பது அடுத்த சில ஆண்டுகளில் தெளிவானது. துளசியிலும் அது உண்டு. பொறியில் சிக்குபவை ஆண்கள் மட்டுமே என்பதால் பையையும் கைவிடக் கூடாது. பொறியில் தண்ணீர் வைத்தால் சோப்பு கலந்து, வாரம் தவறாமல் மாற்றுங்கள். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் தேசியச் சுற்றுப்புற வாரியத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். விழுந்து அழுகிய பழங்களை அன்றன்றே எடுத்துக் கட்டிப் போடுங்கள். புழு அங்கிருந்துதான் மண்ணுக்குள் இறங்குகிறது.

இவ்வளவு வேலையில் பாதியைச் சம்பளமில்லாமல் செய்ய ஓர் ஆள் மரத்திலேயே இருக்கிறது. அது முசுறு, மலாய்க்காரர்கள் கெரங்கா என்பார்கள். இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு. வேலைக்காரிகள் வரிசையாக நின்று இரண்டு இலைகளை நெருக்கிப் பிடிக்க, வேறு சில தங்கள் புழுக்களை வாயில் கவ்வி வந்து இலை விளிம்பில் மாறி மாறித் தொடும். புழுவின் வாயிலிருந்து வரும் பட்டிழை இலைகளை ஒட்டிவிடும். இதைக் கண்டு எழுதிய முன்னோடிகளில் ஒருவர் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவை நிர்வகித்த ரிட்லி. 1890-இல் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் நீரிணைக் கிளை இதழில் இந்த எறும்பைப் பற்றி அவர் கட்டுரை எழுதினார்.

முசுறுக் கூடுகளை விலைக்கு வாங்கி ஆரஞ்சு மரங்களில் விட்டதைப் பற்றி கி.பி. 304-ஐச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் சீன நூலிலேயே குறிப்பு உண்டு. வட ஆஸ்திரேலிய மாந்தோப்புகளிலும் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனினிலும் அண்மைக்கால ஆய்வுகள் இந்த வகை எறும்பின் பயனை உறுதிப்படுத்தியிருக்கின்றன. முசுறு ஊரும் காயில் முட்டையிட பழ ஈ தயங்கும். குறையும் உண்டு: மாவுப்பூச்சியை அது கழிக்கும் இனிப்புப் பிசுக்குக்காக முசுறு காத்து வளர்க்கும், பறிப்பவர் கையையும் கடிக்கும். ஆள் நடமாட்டம் உள்ள கிளைகளில் மட்டும் கூட்டை அகற்றிவிட்டு, உச்சிக் கூடுகளை விட்டுவைப்பது நியாயமான சமரசம்.

2005-இல் தேசியப் பூங்காக் கழகம் தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டத்தால் இன்று வீடமைப்பு வளர்ச்சிக் கழகப் பேட்டைகளில் பலர் மண்ணைத் தொடுகிறார்கள். செங்காங் ஆற்றோரப் பூங்காவில் பழமரங்களுக்கென்றே ஒரு பாதை இருக்கிறது. ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம்: பொது இடத்து மரத்தில் அனுமதியின்றிப் பறிக்கவோ தெளிக்கவோ கூடாது. உங்கள் சமூகத் தோட்டத்தில் மாமரம் இருந்தால், இந்த வாரமே குழுவில் ஒருவருக்கு ஒரு பொறுப்பைக் கொடுங்கள்: மரம் துளிரிலா, பூவிலா, காயிலா என்று பார்த்துச் சொல்வது. எந்த மருந்து என்ற பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.