எண்ணாக மாறும் எழுத்து

விசைப்பலகையில் ‘கெ’ எனத் தட்டச்சு செய்தவுடன் அவ்வெழுத்து திரையில் தோன்றுகிறது. இதற்கிடையே உள்ளீடு, செயலாக்கம், வெளியீடு என மூன்று நிலைகள் நிகழ்கின்றன. கணினி அறிந்தவை 0, 1 என்னும் இரும எண்களே. ஆகவே, உள்ளிடப்படும் எழுத்து எண்களாக மாறி நினைவகத்தில் பதிகிறது. ஒருங்குறி முறையில் ககரத்தின் எண் 2965. ஒற்றைக்கொம்பின் எண் 3014.

நினைவகத்தில் ககரம் முன்னும் கொம்பு பின்னும் அமைகின்றன. மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் எனத் தமிழ் இலக்கணம் கூறும் முறையும் இதுவே. எழுதும்போதோ கொம்பு முதலில் வரும். ஆதலால், மென்பொருள் கொம்பை இடப்புறம் நிறுத்தித் திரைக்கு அனுப்புகிறது.

முன்பு எழுத்துருதோறும் எண்கள் வேறுபட்டமையால், ஒரு கணினியில் எழுதிய தமிழ் மற்றொன்றில் பொருளற்ற குறிகளாய்ச் சிதைந்தது. பொது எண்களை வகுத்து ஒருங்குறி அக்குறையைக் களைந்தது.