சரிவு நிலத்து வீடும் வெட்டிவேர் வரிசையும்

மலைச்சரிவில் வீடு கட்ட முதலில் நிலத்தை வெட்டிச் சமப்படுத்துகிறார்கள். ஜேசிபி மேற்புறத்தைச் செங்குத்தாக அறுத்து, அந்த மண்ணைக் கீழ்ப்புறம் தள்ளிவிடுகிறது. வீட்டின் பின்னால் வேர்ப்பிடிப்பு இழந்த வெட்டுமுகம், முன்னால் இறுகாத கொட்டுமண் என ஒரே மனையில் இரண்டு பலவீனங்கள் உண்டாகின்றன. குன்னூரானாலும் கொடைக்கானலானாலும் மழைக்காலத்தில் முதலில் கரைவது இந்த இரண்டும்தான்.

பெரிய மழைத்துளி விநாடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் விழுகிறது. வெற்று மண்ணில் மோதும்போது கட்டிகளை உடைத்துத் துகள்களைத் தெறிக்கவிடுகிறது. நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்துவிடுவதால் நீர் உள்ளே இறங்க வழியின்றி மேலே ஓடத் தொடங்குகிறது. சரிவு நீள நீள வேகமும் கூடுகிறது. மெல்லிய தகடாகப் பரவிய நீர் விரலகல வாய்க்கால்களாகக் குவிந்து, கவனிப்பாரில்லாத மனையில் சில ஆண்டுகளிலேயே ஆழமான ஓடையைப் பறித்துவிடும். ஆகவே துளி நேரே மண்ணில் விழாதபடி மூட வேண்டும். ஓடும் நீரின் வேகத்தை இடையிடையே குறைக்க வேண்டும். வீடு கட்டி முடிந்ததும் இலைச்சருகு, வைக்கோல், தென்னைநார் வலை எதையாவது மூடாக்காகப் பரப்பிவிட்டால் செடிகள் பிடிக்கும்வரை முதல் வேலை நடந்துவிடும்.

கூரைநீரைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. 1,000 சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 930 லிட்டர் நீர் சேரும். அதை ஒரே குழாய் வழியாகச் சரிவின் தலையில் கொட்டுவது, நிலத்தை அறுக்கத் தானே வாய்க்கால் வெட்டிக்கொடுப்பதாகும். தொட்டியில் சேர்ப்பதும், மிஞ்சுவதைக் கல் பாவிய வடிகால் வழியாகச் சரிவின் அடிவரை இறக்குவதும் முறை. அண்டை வீட்டு மனைக்குள் திருப்பிவிடும் வழக்கம் மலையூர்களில் பரவலாக இருக்கிறது. அது தவறு, கீழ்வீட்டுச் சுவர் சரிந்தால் மேல்வீட்டின் அடித்தளமும் ஆட்டம் காணும்.

தடுப்புச் சுவரும் பெரும்பாலும் நீரால்தான் விழுகிறது. வடிய வழியில்லாத 2 மீட்டர்ச் சுவரின் பின்னால் நீர் நிறைந்தால், அடியில் நீரின் அழுத்தம் மட்டுமே சதுர மீட்டருக்கு 2 டன். இதற்காகவே சுவரின் பின்புறம் ஜல்லி நிரப்பி, முகத்தில் கசிவுத் துளைகள் விடுகிறார்கள். அழகுக்காகப் பூசும்போது அந்தத் துளைகளை அடைத்துவிடுவது சுவருக்குச் செய்யும் பெருங்கேடு.

சுவருக்கு ஆகும் செலவில் சிறு பங்கில், ஆண்டுக்காண்டு வலுப்பெறும் தடுப்பு ஒன்று உண்டு: வெட்டிவேர். கடலூர் மணலில் மணத்துக்காகப் பயிரிடும் அதே புல்தான். நீலகிரியின் வடக்கு அடிவாரத்துக்கு அப்பால், குண்டலுப்பேட்டை உழவர்கள் இதை நெடுங்காலமாக வயல் எல்லைகளில் நட்டு வந்திருக்கிறார்கள். ஃபிஜியின் கரும்புத் தோட்டங்களில் 1950களில் இதைப் பயன்படுத்திய ஜான் கிரீன்ஃபீல்டு, 1980களில் ரிச்சர்டு கிரிம்ஷாவுடன் சேர்ந்து உலக வங்கியின் திட்டங்கள் வழியாக இந்தியாவில் பரப்பினார். இந்த மண்ணின் புல் உலகம் சுற்றிவிட்டுப் பரிந்துரையாகத் திரும்பி வந்தது. ஆனாலும் மலைவீட்டுத் தோட்டங்களில் அதை இன்னும் அரிதாகவே காண முடிகிறது.

மற்றப் பல புற்களின் வேர் பக்கவாட்டில் பரவும். வெட்டிவேர் நேர்க்கீழே இறங்கி, நல்ல மண்ணில் 3 மீட்டர்வரை செல்லும். வேரின் இழுவிசை வலிமை சராசரியாக 75 மெகாபாஸ்கல் என்று அளவீடுகள் காட்டுகின்றன. இது மென்னெஃகின் வலிமையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. இதைவிட வியப்பு நிலத்துக்கு மேலே நடக்கிறது. நெருங்கி நின்ற தூர்கள், வடிதட்டில் சோறு தங்கிக் கஞ்சி மட்டும் இறங்குவதுபோல், மண்ணை நிறுத்தி நீரை மெல்லக் கசியவிடுகின்றன. தங்கிய மண் தண்டை மூடினால் புல் மடிவதில்லை. புதைந்த கணுக்களிலிருந்து புது வேர் விட்டு, படிந்த மண்ணின் மட்டத்துக்கு மேலேறி வளர்கிறது. மண் உயர உயரப் புல்லும் உயர்வதால் சில ஆண்டுகளில் மண்வெட்டி தொடாமலே ஒரு படிக்கட்டு நிலம் உருவாகிவிடுகிறது. தென்னிந்திய வகை முளைக்கும் விதை தருவதில்லை. ஆகவே களையாகப் பரவும் என்ற அச்சம் வேண்டாம்.

சம உயரக் கோட்டில் நடுவதே முக்கியம். கொத்தனாரின் டியூப் லெவலால் கோட்டைக் குறித்து, பருவமழைத் தொடக்கத்தில், 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் தூர் பிரித்து நட வேண்டும். ஒவ்வொரு 1 மீட்டர் உயர இறக்கத்துக்கும் ஒரு வரிசை தேவை. கோடு சாய்ந்தால் நீர் தாழ்ந்த முனையில் திரண்டு உடைக்கும். முதல் பருவத்தில் ஆடு மாடு மிதிக்காமல் காக்க வேண்டும். விழுந்த இடைவெளிகளை நிரப்ப வேண்டும். பிறகு ஆண்டுக்கு இருமுறை அரை மீட்டர் உயரத்துக்குக் கத்தரித்தால் தூர் அடர்ந்து கட்டும். கழித்த தழையே மூடாக்காகும். மணவேருக்கு ஆசைப்பட்டுச் சரிவில் நட்டதைத் தோண்டினால், புல் இல்லாதபோதிருந்ததைவிட நிலம் மோசமாகக் கரையும். நிழலில் இது தேறாது. உதகை போல உறைபனி விழும் இடங்களில் தழை கருகி வளர்ச்சி நின்றுவிடும். அங்கே உள்ளூர்ப் புற்களும் புதர்களுமே ஏற்றவை.

மேல்மண் அரிப்பு வேறு, ஆழச்சரிவு வேறு. 2009 நவம்பர்ப் பெருமழையில் நீலகிரியில் 40க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட மண்சரிவு போன்றவற்றைப் புல் தடுக்காது. சரிவின் தலையில் பிறைவடிவ வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரென இறுகும் கதவுகள், அடிவாரத்தில் புதிதாகக் கலங்கிக் கசியும் நீர் ஆகியவை ஆழச்சரிவின் அறிகுறிகள். அத்தகைய மனையை நிலப்பொறியியல் வல்லுநர் பார்த்தாக வேண்டும். மழை பெய்துகொண்டிருக்கும்போது இவை தென்பட்டால், முதலில் வீட்டைக் காலி செய்துவிட்டு ஊராட்சிக்கோ வருவாய்த் துறைக்கோ தெரிவிக்க வேண்டும்.