கிளீனர் சீட் காலி

நாமக்கல், சங்ககிரி பக்கத்து லாரி டிரைவர்களில் ஐம்பதைத் தாண்டியவர்களிடம் தொழிலுக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்டால், பலரும் சொல்வது ஒன்றுதான்: “கிளீனரா ஏறுனேங்க.” டயரைத் தட்டிப் பார்ப்பது, தார்ப்பாய் கட்டுவது, ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று “வரலாம், வரலாம்” என்று குரல் கொடுப்பது என்று இரண்டு மூன்று வருடம் ஓடும். பிறகு ஒரு நடுராத்திரி, ஆளில்லாத ரோட்டில், டிரைவர் அண்ணன் ஸ்டீயரிங்கைக் கொடுப்பார். சட்டப்படி தப்புதான். ஆனால் இந்தத் தொழிலுக்குப் பள்ளிக்கூடம் என்று இருந்தது அந்த இடது பக்க சீட் மட்டுமே.

இன்று பல லாரிகளில் அந்த சீட் காலி. வாடகை கட்டுப்படியாகாதபோது முதலில் வெட்டு விழுவது கிளீனர் சம்பளத்தில். புதிதாக வருகிற பையன் லைசென்ஸ் வாங்கியதும், கடனைப் போட்டு ஒரு குட்டியானை (சின்ன லோடு வண்டி) எடுத்துவிடுகிறான். 2005-ல் டாடா ஏஸ் வந்தபோது திறந்த வாசல் இது. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் வண்டியை சாதாரண கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வும் சொல்லிவிட்டது. அதற்கு மேல் எடையுள்ள வண்டிக்குத்தான் 20 வயதும், இலகுரக லைசென்ஸில் ஒரு வருடமும் கேட்கிறார்கள்.

லைசென்ஸ் கிடைத்துவிடும், பாரம்தான் பாடம். சிமென்ட் மூட்டையைப் பின்கதவு ஓரமாகவே அடுக்கினால் முன்பக்கம் தூக்கி, ஸ்டீயரிங் காற்றில் இருப்பதுபோல லேசாகிவிடும். கனமானது அடியில், கேபினை ஒட்டி. கயிற்றை இழுத்துக் கட்டினாலும் இருபது கிலோமீட்டரில் பாரம் படிந்து தொளதொளத்துவிடும். இறங்கி இன்னொரு முறை இழுக்கவேண்டும். எந்த ஆர்.டி.ஓ. டெஸ்ட்டிலும் இதைக் கேட்பதில்லை.

தருமபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் தொப்பூர் இறக்கம். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வண்டி வேகமெடுக்க, பிரேக்கை மிதித்துக்கொண்டே வர, டிரம் சூடேறி ஒரு கட்டத்தில் பிரேக் பிடிக்காது. எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரில் இறங்கு என்பது பழைய டிரைவர்களின் விதி. அதைச் சொல்லத்தான் பக்கத்தில் ஆள் வேண்டும்.

காகிதமும் அப்படித்தான். சரக்கோடு போகும் ஈ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லும் என்பது கணக்கு. வழியில் வண்டி படுத்துவிட்டால் மெக்கானிக்குக்குப் போன் போட்ட கையோடு ஓனருக்கும் போட்டு, பில்லை நீட்டச் சொல்லவேண்டும். புதுப் பையன் இதை அபராதம் கட்டித்தான் தெரிந்துகொள்கிறான். குடோன் வாசலில் அரை நாள் காத்துக்கிடப்பதற்குப் பெரும்பாலும் காசு கிடையாது என்பதையும் முதல் மாதத் தவணைத் தேதியில்தான் தெரிந்துகொள்கிறான்.

ஆகவே தம்பி, முதல் வருடம் கடன் வேண்டாம். ஊரில் ஒரு பார்சல் ஆபீஸ் வண்டியில் சம்பளத்துக்கு ஓட்டு. லோடு ஏற்றும்போது டீக்கடைக்குப் போகாமல் பக்கத்தில் நில். லாரி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மாதத்தில் நாலு டிரிப்பாவது அந்தக் காலி சீட்டில் ஒரு பையனை ஏற்றுங்கள், பேட்டாவோடு.