மறைத்தால் மறையுமா மார்க்?

நான் பத்தாம் வகுப்பு வரை படித்த குடும்பத் தலைவி. டாக்டர் படிப்பைப் பற்றி எழுத இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள் தோழியரே. மார்க்கை மறைத்து மாட்டிக்கொண்ட அனுபவம் எனக்கு உண்டு. அதனால்தான் இந்தக் கடிதம்.

என் தம்பி எம்.பி.பி.எஸ்., முடித்தவன். அமெரிக்காவில் மேற்படிப்பு படிக்க ஆசை. அங்கே அதை 'ரெசிடென்சி' என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே சிறப்பு மருத்துவம் கற்றுக்கொள்வது. அதற்கு 'யு.எஸ்.எம்.எல்.இ.,' என்ற தேர்வை, ஸ்டெப் ஒன், ஸ்டெப் டூ என்று படிப்படியாக எழுத வேண்டும். ஒவ்வொரு தேர்வுக்கும் ஃபீஸ் மட்டுமே லட்ச ரூபாயை ஒட்டி வருகிறது. சின்னமனூரில் இருக்கும் அப்பா, திராட்சைத் தோட்டத்து வருமானம் பத்தாமல், அம்மாவின் நகையை அடகு வைத்துத்தான் கட்டினார்.

அப்படிக் கட்டியும், ஸ்டெப் ஒன் தேர்வில் தம்பி ஃபெயில். மறுபடி எழுதி பாஸ் பண்ணினான். ஸ்டெப் டூவில் நல்ல மார்க்கே வாங்கினான். ஆனாலும், முதலில் தோற்றது அவன் மனதை அரித்துக்கொண்டே இருந்தது.

போன ஆடி மாத சனிக்கிழமை, எங்கள் ஊர் சனீஸ்வரர் கோவிலுக்கு அம்மா, அப்பா, தம்பி மூன்று பேரும் வந்திருந்தார்கள். ஆடி சனி என்றால் குச்சனூரில் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்! அம்மா எள் தீபம் போட்டுவிட்டு வந்தார். 'எல்லாம் இந்த ஏழரை படுத்துற பாடு' என்றார் அப்பா. தம்பி வாயே திறக்கவில்லை.

சாப்பாடு முடிந்ததும் விஷயம் வெளியே வந்தது. செப்டம்பரில் விண்ணப்பம் போட வேண்டும். அதோடு தன்னைப் பற்றி ஒரு பக்கம் கட்டுரை எழுத வேண்டும். அதில் ஃபெயில் ஆனதைச் சொல்வதா, வேண்டாமா?

சொந்தக்காரர் ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். 'அம்மாவுக்கு சீரியஸா இருந்துச்சு, ஆஸ்பத்திரியும் வீடுமா அலைஞ்சேன், படிக்க முடியலைன்னு எழுதிடு. பாவம்னு விட்டுருவாங்க' என்று.

அதற்கு எங்கம்மா என்ன சொன்னார் தெரியுமா? 'எழுதிக்க சாமி. உனக்கு நல்லது நடந்தா, எனக்கு உடம்பு முடியலைன்னு எழுதுனா என்ன குறைஞ்சு போச்சு?'

எனக்குச் சுருக்கென்றது. என் பழைய கதை ஞாபகத்துக்கு வந்தது. பத்தாவதில் கணக்கில் ஃபெயிலாகி, மறுபடி எழுதித்தான் பாஸ் ஆனேன். பெண் பார்க்க வந்தபோது, 'அதெல்லாம் வாயைத் திறக்காதே' என்று சித்தி சொன்னார். நானும் திறக்கவில்லை. கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து, ஒரு வேலைக்கு மனுப் போட சான்றிதழை எடுத்தால், இரண்டு மார்க் ஷீட். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். 'ஃபெயிலானது பெரிசில்லம்மா. நாலு வருஷமா எங்கிட்ட சொல்லத் தோணலையே' என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு இரண்டு தட்டு தட்டியிருந்தால்கூட தாங்கியிருப்பேன். அந்த ஒரு வார்த்தை இன்னும் உறுத்துகிறது.

இதை அன்றுதான் தம்பியிடம் சொன்னேன். அப்புறம், 'நீ சொல்லலைன்னா அவங்களுக்குத் தெரியாதாடா?' என்று கேட்டேன்.

'தெரியும்க்கா' என்றான். தேர்வு நடத்துகிறவர்களே எல்லா விவரத்தையும் அனுப்புவார்களாம். பாஸ் ஆனதை மட்டும் பிரித்து அனுப்ப வழியில்லை. ஸ்டெப் ஒன் தேர்வுக்கு 2022 ஜனவரி முதல் மார்க்கும் கிடையாது. பாஸ், ஃபெயில் இரண்டே வார்த்தைதான். விண்ணப்பத்தில் பொய் எழுதியது தெரிந்தால் விசாரணை வரும், எதிர்காலமே போகும் என்றான். நம் ஊர் நீட் பி.ஜி., மாதிரி இல்லை. இங்கே அந்த வருஷத்து ரேங்க்தான் பேசும். முந்தைய வருஷம் எவ்வளவு வாங்கினாய் என்று கவுன்சிலிங்கில் யாரும் கேட்பதில்லை.

'தெரியத்தான் போகுதுன்னா, அம்மாவை ஏன்டா நோயாளி ஆக்குற? நிஜமா என்னதான் ஆச்சு?' என்றேன்.

கொஞ்ச நேரம் தலை குனிந்திருந்தவன் சொன்னான். ராத்திரி டியூட்டி பார்த்துக்கொண்டே படித்தானாம். மாதிரித் தேர்வில் மார்க் வரவில்லை என்று தெரிந்தும், தேதியைத் தள்ளிப்போட்டால் கட்டிய பணம் வீணாகுமோ என்று பயந்து போய் எழுதிவிட்டான். நகை அடகில் இருப்பது அவன் மனதில் இருந்திருக்கிறது. அதைக் கேட்டு அம்மா அழுதுவிட்டார். அப்பா அதற்குப் பிறகு ஏழரையைப் பற்றிப் பேசவில்லை.

'இதையே எழுது. நாலு வரி போதும். புலம்பவும் வேண்டாம், மூடவும் வேண்டாம்' என்றார் என் வீட்டுக்காரர். தயாராகாமல் அவசரப்பட்டது தன் தவறு, அடுத்த முறை எப்படிப் படித்தான், ஸ்டெப் டூவில் என்ன மார்க் என்று சுருக்கமாக எழுதினான். மற்ற இடமெல்லாம் அவன் பார்த்த நோயாளிகளைப் பற்றி.

அவனைப் போல வெளிநாட்டிலிருந்து போகிறவர்களில் 2024, 2025 இரண்டு வருஷத்திலும் நூற்றுக்கு 58 பேருக்குத்தான் இடம் கிடைத்ததாம். ஃபெயில் ஆனவன் என்றால் இன்னும் கஷ்டம்தான். உண்மை சொன்னதால் இடம் கிடைத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். முடிவு மார்ச்சில் தெரியும். ஆனால் ஒரு இன்டர்வியூவில் அந்த ஃபெயிலைப் பற்றிக் கேட்டபோது, தடுமாறாமல் பதில் சொன்னேன் என்று போனில் சொன்னான். அவன் குரலில் பழைய பயம் இல்லை.

தோழியரே, நம் பிள்ளைகளின் மார்க்கைத் தெருவில் இருப்பவர்களுக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதை நம்பி முடிவெடுக்கிறவர்களிடம், வேலை கொடுப்பவரானாலும் சரி, பெண் கொடுப்பவரானாலும் சரி, மறைக்கச் சொல்லிக் கொடுக்காதீர்கள். முக்கியமாக, ஃபெயிலானால் வீட்டில் வந்து சொல்லும் தைரியத்தை நாம்தான் கொடுக்க வேண்டும்.

— ஒரு வாசகி, குச்சனூர்.